ஒட்டுப்படமா, உண்மைப் படமா? என் வீட்டுக் கல்யாணப் படத்தை வைத்தே சோதித்த சில இலவசக் கருவிகள்

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு 85 எம்எம் லென்ஸ் வாங்கினேன். விற்றவர் அனுப்பிய ஆறு படங்களிலும் முன்கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, மவுண்ட்டில் தேய்மானம் இல்லை, புதுசு மாதிரி இருந்தது. 22,000 ரூபாய் அனுப்பினேன். பார்சல் வந்ததும் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் நூலாம்படை போல ஃபங்கஸ் படர்ந்திருக்கிறது. அன்று ராத்திரி அந்த ஆறு படங்களையும் ஒவ்வொன்றாக, படத்தை வைத்தே இணையத்தில் தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் ஏற்றினேன். நான்குக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது படம், அதே மர மேசை, அதே ஜன்னல் வெளிச்சத்தோடு, வேறொரு நாட்டில் யாரோ போட்ட பழைய விற்பனைப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. பணம் திரும்பி வரவில்லை, விற்றவர் போனையும் எடுக்கவில்லை. அரை நிமிஷத்தில் முடிகிற வேலையைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் செய்யாமல் விட்டோமே என்ற வருத்தம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கும்பகோணத்தில் 19 வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படத்தை வெட்டி ஒட்டுவது எங்கள் அன்றாட வேலை. இறந்துபோன அப்பாவை மணமேடையில் நிற்க வைப்பது, துபாயிலிருந்து வர முடியாத அண்ணனைக் குரூப் போட்டோவில் சேர்ப்பது, கண்ணை மூடிவிட்ட பாட்டிக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பது, இதெல்லாம் மாதத்துக்கு நாலைந்து வரும். அதனால் இந்தச் சரிபார்க்கும் கருவிகளைச் சோதிக்க எனக்கு ஒரு வசதி இருந்தது. இணையத்தில் கிடக்கும் படத்தைப் போட்டால் கருவி சொல்வது சரியா தப்பா என்று நமக்கே தெரியாது. நானே ஒட்டிய படத்தில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வாடிக்கையாளர் படங்களைத் தொடவில்லை. என் தங்கை கல்யாணத்துக் குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அப்பா போய்விட்டார். தங்கை கேட்டாள் என்பதற்காக, அவருடைய பழைய ஸ்டுடியோ படம் ஒன்றை ஸ்கேன் செய்து, அம்மா பக்கத்தில் நிற்பது போல நான்தான் சேர்த்தேன். அந்தப் படத்தின் முதல் ஃபைல், வாட்ஸ்அப்பில் ஒரு தடவை போய் வந்தது, மூன்று கை மாறி வந்தது என்று மூன்று வடிவங்கள். கூடவே அதே நாளில் எடுத்த, கை வைக்காத நான்கு படங்கள். இரண்டு வாரம் கடை சாத்திய பிறகு உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டின்ஐ பற்றி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோருக்கு இது ஒன்றே போதும். கனடாவின் டொரன்டோவிலிருந்து 2008 முதல் நடக்கிற தளம். படத்தைக் கொடுத்தால் அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும். கூகுள் லென்ஸும் இதைச் செய்யும்தான், ஆனால் லென்ஸ் 'இதே மாதிரி' இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். வெள்ளத்துப் படம் கொடுத்தால் நூறு வெள்ளம் வரும். டின்ஐ அதே படத்தைத்தான் தேடும், ஓரம் வெட்டியிருந்தாலும் நிறம் மாற்றியிருந்தாலும் பிடித்துவிடும். அதைவிட முக்கியம், முடிவுகளை 'மிகப் பழையது' முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே காட்டும் தேதி டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்டுகொண்ட தேதி, படம் எடுத்த தேதி அல்ல. படம் அதற்கு முன்னாலேயே இருந்திருக்கலாம். ஆனால் 'இன்று காலை எடுத்தது' என்று ஒருவர் சொல்லும் படம் 2014-லேயே அங்கே பதிவாகியிருந்தால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

ஒரு மழைக்காலத்தில் வயதான அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். 'தம்பி, கொள்ளிடக் கரை உடைஞ்சிருச்சாம், போட்டோவே வந்திருச்சு, எம்பொண்ணு வீடு அந்தப் பக்கம்தான், போன் எடுக்க மாட்டேங்குறா' என்று போனை நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. படத்தை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்லி, டின்ஐயில் போட்டு, பழையதை மேலே கொண்டுவந்தேன். பல வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுச் செய்திப் பக்கம் ஒன்றில் அதே படம், அதே உடைந்த கரை, ஓரத்தில் அதே மஞ்சள் லாரி. அவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம்தான் உட்கார்ந்தார். மகள் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள், போனில் சார்ஜ் இல்லையாம்.

இங்கே ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தில் யாரும் எதையும் ஒட்டவில்லை. அது சுத்தமான, உண்மையான படம். கூட வந்த வரிதான் பொய். எவ்வளவு பெரிய ஆய்வுக் கருவியில் போட்டாலும் 'திருத்தம் இல்லை' என்றுதான் வந்திருக்கும், அதைப் பார்த்து அந்த அம்மா இன்னும் பயந்திருப்பார். என் கைக்கு வந்த வதந்திப் படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இப்போது ஒட்டுப்படத்துக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் பெயர் ஃபோட்டோஃபாரன்சிக்ஸ். நீல் கிராவெட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2012-ல் தொடங்கியது. அதில் பேர் போனது எரர் லெவல் அனாலிசிஸ், சுருக்கமாக இஎல்ஏ (ELA), என்ற முறை. விஷயம் இதுதான்: ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகும். ஒரே நேரத்தில் ஒரே கேமராவில் எடுத்த படம் என்றால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி போகும். வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிய துண்டுக்குப் பழைய வரலாறு வேறு, அதனால் அது வேறு மாதிரி தேயும். தளம் படத்தை ஒரு குறிப்பிட்ட தரத்தில் இன்னொரு முறை சேமித்து, முன்னதுக்கும் பின்னதுக்கும் உள்ள வித்தியாசத்தை வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. கருப்புத் திரையில் மினுக்கும் புள்ளிகளாகப் படம் தெரியும்.

தங்கை கல்யாணப் படத்தின் முதல் ஃபைலை ஏற்றினேன். அம்மாவும் மாமாவும் சித்திகளும் மங்கலாகத் தெரிய, நடுவில் அப்பா மட்டும் தனியாக, வெளிச்சமாக நிற்கிறார். தோள், காது, சட்டைக் காலர் எல்லாம் யாரோ விளக்கு அடித்த மாதிரி. அதைப் பார்த்தபோது எனக்கு வேலை ஞாபகம் போய்விட்டது, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, வாட்ஸ்அப்பில் ஒரு முறை போய் வந்ததை ஏற்றினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, எனக்குத் தெரிந்ததால் தெரிந்தது. மூன்று கை மாறியதில் ஒன்றுமே இல்லை. முழுப் படமும் ஒரே இருட்டு. வாட்ஸ்அப் ஒவ்வொரு முறையும் படத்தைச் சுருக்கி அழுத்தி அனுப்புவதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே வரலாறு வந்துவிடுகிறது. நம் கைக்கு வரும் படங்கள் எல்லாம் பத்து இருபது கை மாறி வருபவை, அவற்றை இதில் போட்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம். கை வைக்காத நான்கு படங்களில் ஒன்றை ஏற்றினால் தங்கையின் பட்டுப்புடவை ஜரிகை பளபளவென்று எரிகிறது, மாப்பிள்ளையின் வேட்டி கருப்பாகக் கிடக்கிறது. தெரியாதவர் பார்த்தால் புடவையை ஒட்டியிருக்கிறார்கள் என்று சத்தியம் செய்வார். ஜரிகை மாதிரி நுணுக்கமும் மாறுபாடும் உள்ள இடம் இயல்பாகவே மினுக்கும், வெறும் வெள்ளைத் துணி இயல்பாகவே இருண்டிருக்கும். ஓரத்தை ஓரத்தோடும் துணியை அதே மாதிரித் துணியோடும்தான் ஒப்பிட வேண்டும் என்று தளத்தின் பயிற்சிப் பக்கத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. ஒரு மனுஷனைப் பற்றி 'இந்தப் படம் பொய், இதோ ஆதாரம்' என்று இந்த மினுக்கலை வட்டம் போட்டுப் பரப்புவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே கோபம் வருகிறது. உண்மைப் படத்தைப் பொய் என்று சொல்வதும் பொய்ப் படத்தைப் பரப்புவதற்குச் சமமான கேடுதான்.

இன்னொன்று, அங்கே ஏற்றும் படம் அவர்கள் சர்வருக்குப் போகிறது, ஆய்வுக்கும் பயன்படுத்துவார்கள். தளத்தில் அதைச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படத்தை அங்கே கொண்டுபோய்ப் போடாதீர்கள். நான் போட்டதும் தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான்.

அந்தக் கவலை இல்லாதது ஃபாரன்சிகலி. யோனாஸ் வாக்னர் என்பவர் செய்து இலவசமாக வைத்திருக்கிறார். படம் நம் பிரவுசருக்குள்ளேயே திறந்து, நம் கம்ப்யூட்டரிலேயே அலசப்படுகிறது, எங்கும் போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முதலிடத்தில் வைப்பேன். இஎல்ஏ இதிலும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது நகல் ஒட்டைக் கண்டுபிடிக்கும் பகுதி. ஒரே படத்துக்குள் ஒரு துண்டை எடுத்து இன்னொரு இடத்தை மூடியிருந்தால், இரண்டு இடத்தையும் நீலமாகக் காட்டி, நடுவே சிவப்புக் கோடு இழுக்கும்.

அப்பாவைச் சேர்த்தபோது அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதை மறைக்க மேடைத் திரையின் மெரூன் துணியை நகல் எடுத்து இரண்டு முறை ஒட்டியிருந்தேன். ஒட்டினதையே மறந்துவிட்டேன். ஃபாரன்சிகலியில் போட்டதும் திரையின் வலது மடிப்பிலிருந்து அப்பாவின் முழங்கைக்குப் பின்னால் வரைக்கும் சிவப்புக் கோடுகள் கட்டாக இறங்கின. அப்போதுதான் அந்த நாற்காலியே ஞாபகம் வந்தது. ஒரு தடவை வாட்ஸ்அப்பில் போய் வந்த ஃபைலில்கூட, ஒற்றுமை அளவைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் நாலைந்து கோடு மிச்சம் இருந்தது. இது பெரிய விஷயம். ஆனால் இதற்கும் கண் பழக வேண்டும். மேடை முகப்பில் ஒரே மாதிரித் தொங்கும் தோரணம், தரையில் ஓடும் டைல்ஸ், இவற்றிலெல்லாம் கோடு விழத்தான் செய்யும். நாலு படத்தில் இரண்டில் தோரணத்துக்கு விழுந்தது. திரும்பத் திரும்ப வரும் டிசைனா, நகலா என்று பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நல்ல உருப்பெருக்கி ஒன்றும் உள்ளேயே இருக்கிறது.

படத்தில் இருக்கும் பொரியை மட்டும் பிரித்துக் காட்டும் நாய்ஸ் பகுதியும் உதவியது. பழைய பிரிண்ட்டை ஸ்கேன் செய்த அப்பாவின் முகத்தில் தாளின் பொரிபொரி, பக்கத்தில் அம்மா முகத்தில் டிஜிட்டல் கேமராவின் மழமழப்பு. ஃபைலோடு வரும் குறிப்புகளையும் இதிலேயே படிக்கலாம், இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்ததில் கேமரா பெயர், நேரம், இடம் எதுவும் இருக்காது. குறிப்பு இல்லை என்பதால் படம் பொய் என்று ஆகாது. மூலம் வேண்டுமென்றால் எடுத்தவரிடம் கேட்டு டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவு கருவியும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் எல்லோருக்கும் மூக்கு நிழல் இடது பக்கம் விழுகிறது, அப்பாவுக்கு மட்டும் வலது பக்கம். பழைய ஸ்டுடியோவில் அவருக்கு லைட் அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் ஆயிரம் தடவை போனாலும் நிழல் மாறாது. அதனால் எந்தப் படம் வந்தாலும் முதலில் கண்ணால் பாருங்கள்: நிழல், கை கால் விளிம்பு, கண்ணாடியில் தெரியும் பிம்பம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் ஹெலிகாப்டரிலிருந்து பார்வையிடும் படம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒன்றை வெளியிட்டது நினைவிருக்கும். மங்கலாக இருந்த ஜன்னலுக்குள் வேறொரு தெளிவான வெள்ளக் காட்சியை ஒட்டியிருந்தார்கள், ஜனங்கள் வெறும் கண்ணாலேயே பிடித்துவிட்டார்கள், படம் நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் இங்கிலாந்து இளவரசி கேட் வெளியிட்ட குடும்பப் படத்தை ஏபி உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் திரும்பப் பெற்றதும் மகளின் ஸ்வெட்டர் கை ஓரம் பொருந்தாமல் இருந்ததால்தான்.

இனி ஏஐ. இங்கே நிலைமை மோசம். ஒட்டே இல்லாத இடத்தில் ஒட்டை எங்கே தேடுவது? 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது ஏஐ உருவாக்கிய படம் என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அடுத்த வருஷம் மைல்ஸ் ஆஸ்ட்ரே தலை மறைந்த ஒரு ஃபிளமிங்கோவின் உண்மைப் படத்தை வேறொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பி, அதுவும் பரிசு வாங்கி, பிறகு தகுதி நீக்கம் ஆனது. நடுவர்களுக்கே இரண்டு பக்கமும் தவறுகிறது. '92 சதவீதம் ஏஐ' என்று எண் சொல்லும் தளங்களில் ஒன்றில், நான் மகாமகக் குளத்தில் விடியற்காலையில் எடுத்த படத்தைப் போட்டேன். ஏஐ என்றது. அந்த மாதிரி எண்களை நான் இனி நம்ப மாட்டேன்.

கூகுளின் சிந்த்ஐடி கொஞ்சம் வேறு. அவர்கள் ஏஐயில் உருவாகும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை பதிந்துவிடும். 2025 நவம்பரிலிருந்து ஜெமினி ஆப்பிலேயே படத்தைக் கொடுத்துக் கேட்கலாம். நானே அதில் ஒரு படம் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிக் கேட்டேன், சரியாகச் சொன்னது. ஆனால் வேறு கம்பெனி ஏஐயில் செய்த படத்தில் முத்திரை இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதை 'உண்மைப் படம்' என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவோம்.

பொய்யைத் தேடுவதற்குப் பதில் உண்மைக்கு முத்திரை போடலாம் என்பது இன்னொரு வழி. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி போன்றவை சேர்ந்து 2021-ல் தொடங்கிய சி2பிஏ என்ற தரம். படம் எடுக்கும்போதே கேமரா கையெழுத்திடும், பிறகு செய்த திருத்தங்களும் பதிவாகும். 2023-ல் லைகா எம்11-பி இதோடு வந்த முதல் கேமரா. கூகுள் பிக்சல் 10-ல் போன் கேமராவுக்கே வந்துவிட்டது. கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் என்ற பெயரில் இருக்கும் சரிபார்ப்புப் பக்கத்தில் படத்தை இழுத்துப் போட்டால் எடுத்த கருவி, திருத்தம் எல்லாம் வரிசையாக வருகிறது. நண்பர் ஒருவரின் போனிலிருந்து டாக்குமென்டாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. அதையே சாதாரணமாக வாட்ஸ்அப்பில் வாங்கிப் போட்டால் பக்கம் காலி.

பூட்டு உடையாது என்றும் இல்லை. கேனான் கேமராக்களில் இதற்கு முன்பு இருந்த சரிபார்ப்பு முறையை 2010-ல் எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய நிறுவனம் உடைத்து, நிலவில் சோவியத் கொடி நடும் படத்தையே 'அசல்' என்று சொல்ல வைத்தது. 2025-ல் நிக்கான் இசட்6-III கேமராவில் மல்டிபிள் எக்ஸ்போஷர் (பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படமாக்கும் வசதி) வழியாக வேறு கேமராவில் எடுத்த படத்துக்கும் கையெழுத்து வாங்க முடியும் என்று ஒருவர் காட்டினார். நிக்கான் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களையே ரத்து செய்தது. அப்படி வெளிப்படையாக ரத்து செய்ததை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இன்னும் சில வருஷம் போகட்டும்.

என் தீர்ப்பு: போனில் படம் பார்க்கும் எல்லோருக்கும் டின்ஐ, ஐந்துக்கு ஐந்து. கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருப்பவர்களுக்கு ஃபாரன்சிகலி, நான்கரை. இஎல்ஏவைப் படித்துப் பழகாமல் யாரையும் குற்றம் சொல்ல எடுக்காதீர்கள் என்பதற்காக ஃபோட்டோஃபாரன்சிக்ஸுக்கு மூன்று, அதன் பயிற்சிப் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஐந்து. கம்ப்யூட்டரில் நிறையப் படம் பார்ப்பவர்கள் இன்விட் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளலாம், ஒரே கிளிக்கில் பல தேடு தளங்களுக்குப் படத்தை அனுப்பிவிடும். சந்தேகமான வீடியோ, ஆடியோ என்றால், ஏஐ போலிகளைச் சரிபார்க்கும் இந்தியக் குழுவான டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்டின் வாட்ஸ்அப் எண் இருக்கிறது, தமிழிலும் பதில் சொல்கிறார்கள்.

சோதனை முடிந்த வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அவள் மகளுக்கு ஏழு வயசு. படத்தைக் காட்டி, 'மாமா, தாத்தா அன்னைக்கு அம்மா கல்யாணத்துல பாயசம் சாப்பிட்டாரா?' என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். ஃப்ரேமைக் கழற்றி, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவை எங்கிருந்து எடுத்தேன், நாற்காலியை எப்படி மறைத்தேன் என்று எல்லாம் சொன்னேன். பிறகு பின் அட்டையில் மார்க்கரால் எழுதினேன்: 'அப்பா படம் பிறகு சேர்த்தது.' கீழே தேதியும் என் கையெழுத்தும். இப்போது கடையிலிருந்து போகும் ஒவ்வொரு சேர்ப்புப் படத்தின் பின்னாலும் அதே வரியை எழுதித்தான் கொடுக்கிறேன்.